ஜாவாஸ்கிரிப்டில் ‘ஃபிளாட்டன்’ ஏன் ‘ஃபிளாட்’ ஆனது?

அரேக்குள் (மதிப்புகளின் பட்டியல்) இருக்கும் அரேக்களைப் பிரித்து ஒன்றாக்கும் மெத்தடுக்கு (அரேயின் மேல் அழைக்கும் ஃபங்ஷன்) ஃபிளாட்டன்தானே பொருத்தமான பெயர் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வைத்த பெயரும் அதுதான். 2018 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் அது வந்ததும் ஒரு பிரபல தளம் உடைந்தது.

காரணம், அந்தத் தளம் பயன்படுத்திய மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி (ஆயத்த நிரல்தொகுப்பு). அது அரே புரோட்டோடைப்பில், அதாவது எல்லா அரேக்களுக்கும் பொதுவான மெத்தடுகள் இருக்கும் இடத்தில், தன் சொந்த ஃபிளாட்டனை எழுதும். பிறகு ஃபார்-இன் லூப் (உள்ளே இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் சுழற்சி) போட்டு, அரேயின் மெத்தடுகளை, பக்கத்தின் உறுப்புகளைத் தொகுத்து வைக்கும் தன் எலிமெண்ட்ஸ் வகைக்கு நகலெடுக்கும். பிரவுசரே தரும் மெத்தடுகள் ஃபார்-இன்னில் தென்படாது. அவற்றின்மேல் வேறு ஃபங்ஷனை எழுதினாலும் அந்தத் தன்மை மாறாது. ஆகவே பிரவுசரில் ஃபிளாட்டன் வந்ததும், மூடூல்ஸின் ஃபிளாட்டன் லூப்பின் கண்ணில் படவில்லை, நகலாகவில்லை. எலிமெண்ட்ஸில் அதை அழைத்த இடத்தில் பிழை. (இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் இது நடந்திருக்கும் என்பதுதான் கவனிக்க வேண்டியது.)

“பழைய தளங்கள் போகட்டும்” என்ற வாதம் அப்போது பலமாகவே எழுந்தது. எனக்கு அது ஏற்புடையதல்ல. பராமரிக்க ஆளில்லாத பக்கத்தை யார் திருத்துவார்கள்? பயனர் பிரவுசரைத்தான் குறை சொல்வார். ஜாவாஸ்கிரிப்டின் தர நிர்ணயக் குழுவான டிசி39 அதே ஆண்டு மே மாதம் பெயரை ஃபிளாட் என மாற்றியது; மொழியின் 2019 பதிப்பில் அது சேர்ந்தது. ஒரு மதிப்பு அரேயில் இருக்கிறதா என்று பார்க்கும் இன்க்ளூட்ஸ் மெத்தடும் முன்பு கன்டெய்ன்ஸாக இருந்து, இதே லைப்ரரியால் பெயர் மாறியதுதான்.

உங்கள் நிரலில் புது மெத்தட் தேவைப்பட்டால் அரே புரோட்டோடைப்பைத் தொடாமல் தனி ஃபங்ஷனாக எழுதுங்கள். ஃபிளாட் இயல்பாக ஓர் அடுக்கை மட்டுமே பிரிக்கும்; எல்லா அடுக்குகளும் பிரிய, அடுக்கு எண்ணிக்கையாக இன்ஃபினிட்டியைக் (முடிவிலி) கொடுங்கள்.