ஷாம்பு எந்த ஊர்ச் சொல்?

கேள்வி: பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா வீட்டு ஷாம்பு பாட்டிலில், ஷாம்பு என்ற இங்கிலீஷ் சொல்லின் கடைசியில் 'இங்' சேர்த்து அச்சடித்திருக்கிறது. சித்தி அதை 'ஷாம்ப்வான்' என்கிறார். அச்சுப்பிழையா, பிரெஞ்சே அப்படித்தானா?
– ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: பிழை இல்லைங்க, பிரெஞ்சில் அதுதான் சரியான சொல். ஆனால் அது பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கியதும் இல்லை, இங்கிலீஷ்காரர்கள் உண்டாக்கியதும் இல்லை, நம் நாட்டிலிருந்து போனது. இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அழுத்திப் பிடித்துவிடுவது. 'சாம்போ' என்றால் 'பிடித்துவிடு'. 18-ம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்குள் போனபோது உடம்பு பிடித்துவிடுவது என்றுதான் அதற்கு அர்த்தம், முடிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பாட்னாவில் 1759-ல் பிறந்து, கம்பெனிப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, அயர்லாந்துக்குப் போய், கடைசியில் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் குளியல் நிலையம் நடத்திய சேக் தீன் முகமது என்பவர்தான், மூலிகை நீராவியில் உட்கார வைத்து உடம்பு பிடித்துவிடும் வைத்தியத்துக்கு 'ஷாம்பூயிங்' என்று பெயர் சொல்லி அதை ஊரறியச் செய்தார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு மன்னர்களுக்கு 'ஷாம்பூயிங் சர்ஜன்' என்ற பட்டத்தோடு இருந்தவர். எவ்வளவு பெரிய விஷயம், நம் பாடப்புத்தகத்தில் இவர் பெயர் வர வேண்டாமா?

1860-களில்தான் தலைமுடி அலசுவது என்ற அர்த்தம் வந்தது, அப்புறம் அலசும் பொருளுக்கும் அதே பெயர். பிரெஞ்சுக்காரர்கள் 'இங்' வாலோடு அப்படியே வாங்கி, தங்கள் வழக்கப்படி மூக்கால் உச்சரிக்கிறார்கள். முடி அலசுவதும் பாட்டிலில் இருப்பதும் அவர்களுக்கு ஒரே சொல். ரஷ்யனில் ஷம்பூன், ஸ்பானிஷில் சம்பூ. ஜெர்மனியில் 20-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஸ்வார்ஸ்காப் கம்பெனி தன் ஷாம்பு பவுடருக்கு 'ஷௌம்பான்' என்று பெயர் வைத்தது, 'ஷௌம்' என்றால் அங்கே நுரை. இந்தியிலோ தலையைப் பிடித்துவிடுவது இன்னும் 'சம்பி'தான், பாட்டில் மட்டும் 'ஷாம்பூ' என்று இங்கிலீஷ் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

நம் எண்ணெய்க் குளியலை நினைத்துப் பாருங்கள். உச்சியில் நல்லெண்ணெய் வைத்து அழுத்தித் தேய்ப்பது பழைய அர்த்தம், சீயக்காய் போட்டு அலசுவது புது அர்த்தம், இரண்டும் ஒரே காலையில் முடிந்துவிடுகிறது! ஷாம்புவுக்குத் தனித்தமிழ்ச் சொல் தேடுவது வீண்வேலை என்பது என் கருத்து. ஆனால் சீயக்காய், அரப்பு என்ற சொற்கள் பிள்ளைகள் வாயிலிருந்து போய்விடக் கூடாது, அதை வீட்டில் பெரியவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் நகைப் பட்டறையில் பாலிஷ் போடும் சிவப்புக் கட்டி மீது 'ரூஜ்' என்று எழுதியிருக்கிறது. மேக்கப் பெட்டியிலும் ரூஜ் இருக்கிறதே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டுக்கும் நிறம்தான் காரணம். பிரெஞ்சில் ரூஜ் என்றால் சிவப்பு. இங்கிலீஷ்காரர்கள் கன்னத்தில் பூசும் சிவப்புக்கு அதைப் பெயராக்கினார்கள், பிரெஞ்சுக்காரர்களுக்கோ 'உதட்டு ரூஜ்' என்றால் லிப்ஸ்டிக். உங்கள் கட்டியில் இருப்பது இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் இனம், மிக நைசாக அரைத்தது. மேக்கப்பிலும் இரும்பு ஆக்சைடு சேர்ப்பது உண்டு, ஆனால் அது அதற்கென்றே சுத்தம் செய்தது. பட்டறைக் கட்டியைத் தயவுசெய்து முகத்துப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.