ஸ்கோப்ல இல்லாததையும் எழுதி வைங்க

கேள்வி: ஒரு ஆபீசுக்கு லீவு அப்ளை பண்ற சாஃப்ட்வேர் செஞ்சு தர்றோம். எப்பவோ முடிஞ்சிருக்க வேண்டிய வேலை, கிளையண்ட் வாராவாரம் "சின்ன சேஞ்ச் தான்"னு ஏதாவது கேட்டுட்டே இருக்காரு. முடியாதுன்னு சொன்னா உறவு கெட்டுடுமோன்னு பயமா இருக்கு, என்ன பண்றது?

பதில்: முடியாதுன்னு சொல்ல வேண்டாம், உடனே சரின்னும் சொல்லாதீங்க. "எத்தனை நாள் ஆகும்னு பார்த்துட்டு சொல்றேன்"னு மட்டும் சொல்லுங்க. அவர் ஒரு எக்செல் டவுன்லோட் பட்டன் கேக்குறாருன்னு வைங்க, பட்டன் வைக்க அரை நாள் போதும், ஆனா யார் யார் டவுன்லோட் பண்ணலாம், எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும், வேலையை விட்டுப் போனவங்க லீவும் அதுல வரணுமான்னு கேள்வி வரும், மறுபடி டெஸ்டிங் வேற, அப்புறம் யூசர் கைடையும் மாத்தணும். இதையெல்லாம் ஒரே பக்கத்துல எழுதி, எவ்வளவு பணம், டெலிவரி எந்த தேதிக்குத் தள்ளிப் போகும்னும் போட்டு அனுப்புங்க. கிளையண்ட் தரப்புல ஒப்புதல் தர்ற ஆள் ஒருத்தர்தான்னு முதல்லயே பேசி வச்சிக்கோங்க. அந்த பக்கத்தைப் பார்த்ததும் "அடுத்த வெர்ஷன்ல பார்த்துக்கலாம்"னு அவரே சொல்றது சகஜம்.

ஆனா பிரச்சினையோட வேர் அக்ரிமெண்ட்ல எழுதுற ஸ்கோப்லதான், அதாவது எது எது செஞ்சு தர்றோம்ங்கிற எல்லையிலதான் இருக்கும். "ரிப்போர்ட் வசதி"ன்னு ஒத்த வரி எழுதியிருந்தா நீங்க ஸ்கிரீன்ல ஒரு பட்டியல்னு நினைச்சிருப்பீங்க, அவர் மேனேஜருக்கு தானா போற மெயில்னு நினைச்சிருப்பாரு, ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. எத்தனை ரிப்போர்ட், என்ன ஃபார்மட், எது வந்தா "முடிஞ்சது"ன்னு கையெழுத்து போடுவாருங்கிற வரைக்கும் எழுதணும். கீழயே சம்பள சாஃப்ட்வேரோட இணைப்பு கிடையாது, மொபைல் ஆப் கிடையாது, பழைய டேட்டாவை ஏத்தித் தர மாட்டோம்னு சேராததையும் எழுதுங்க. என்னைக் கேட்டா சேர்றதை விட இந்த சேராத பட்டியல்தான் முக்கியம், இதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க.

மாற்றம் லேட்டா வந்தா என்ன ஆகும்னு பாருங்க. ஆஸ்திரேலியாவுல இருக்குற சிட்னி ஓபரா ஹவுஸ் (ஓபராங்கிற இசை நாடகமும் கச்சேரியும் நடக்குற அரங்கம்) கட்டுமானத்தை டிசைன் முடியாமலே 1959-ல ஆரம்பிச்சாங்க. ஓபராவுக்கும் கச்சேரிக்கும்னு திட்டம் போட்ட பெரிய ஹாலை நடுவுல கச்சேரிக்கு மட்டும்னு மாத்தி, ஏற்கனவே பொருத்தின மேடை மெஷினரியைக் கழட்டி எடுத்தாங்க. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்ல 1963-ல முடியும்னு கணக்கு போட்டது, கடைசில 10.2 கோடி ஆகி 1973-லதான் திறந்தாங்க. மெஷினரி வாங்குறதுக்கு முன்னாடி அதே மாற்றம் வந்திருந்தா அந்தச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

இன்னொண்ணு, உங்க டீமையும் கவனிங்க. கேக்காத கலர் சார்ட்டை ஆசையா சேர்த்துக் குடுத்தா அதுக்கு டெஸ்டிங்கும் பராமரிப்பும் உங்க தலையிலதான்.

கேள்வி: நாங்க அஜைல்ல (வேலையை சின்னச் சின்ன சுற்றா பிரிச்சு செய்ற முறை) வேலை பண்றோம், எங்களுக்கும் ஸ்கோப் தேவையா?

பதில்: கண்டிப்பா. புதுசா ஒண்ணு உள்ள வந்தா அதே அளவு வேலை பேக்லாக்ல (செய்ய வேண்டிய வேலைகளோட வரிசைப் பட்டியல்) கீழ இறங்கணும், எது இறங்கணும்னு புராடக்ட் ஓனர் (எது முதல்லன்னு முடிவு பண்றவர்) சொல்லட்டும். ஸ்பிரிண்ட் கோலையே (இப்போ ஓடுற வேலைச் சுற்றோட இலக்கு) கெடுக்குற மாற்றமா இருந்தா அடுத்த ஸ்பிரிண்டுக்கு நிக்கட்டும்.