திரும்பி வந்த விளக்கு வேறாக இருந்தால்

ஆன்லைன் விற்பனைத் தளம் வழியாக விற்ற நாச்சியார்கோவில் குத்துவிளக்கை அனுப்பினீர்கள், வாங்கியவர் திருப்பி அனுப்பியதாக வந்ததோ இலேசான பழைய விளக்கு என்கிறீர்கள். படிக்கவே மனசு ஆறவில்லை. பித்தளைச் சாமானில் உங்களுக்குப் பெரிய பலம் எடைதான். அனுப்பும்போது கூரியர் ரசீதில் ஏறிய எடை, திரும்பி வந்ததை டப்பாவோடு வைத்தால் இப்போது தராசு காட்டும் எடை, இரண்டையும் அருகருகே வைத்துப் படமெடுங்கள். தளம் தரும் கெடு முடிவதற்குள், முடிந்தால் இன்றைக்கே, அந்தத் தளத்தின் விற்பனையாளர் பக்கத்தில் இழப்பீடு கேளுங்கள். டப்பா, லேபிள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

வாங்கியவரைத் திருடர் என்று எழுதிவிடவும் வேண்டாம். கிடங்கிலேயே பார்சல் மாறிப்போவதும் உண்டு.

அப்புறம், இனி அனுப்பும் விளக்குகளில் பாதம், தண்டு, தட்டு, உச்சியில் இருக்கும் பிரபை என்று கழலும் ஒவ்வொரு பாகத்தின் அடியிலும் சின்னதாக ஒரு குறி பொறித்துப் படமெடுத்து வையுங்கள். ஒரு பாகத்தை மட்டும் மாற்றினாலும் தெரிந்துவிடும். திரும்பி வரும் பார்சலை, லேபிள் தெரிய, இடையில் நிறுத்தாத ஒரே வீடியோவில் பிரியுங்கள்.