பத்துப் பேர் சேரும் ஊர்: சிறு சினகாக்கை நடத்துவது பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் வடகிழக்கே, நியூ இங்கிலாந்து மலையூர்களிலும் கடலோர ஊர்களிலும் இருபது முப்பது யூதக் குடும்பங்களே உள்ள சினகாக்குகள், அதாவது யூதத் தொழுகைக் கூடங்கள், உண்டு. சம்பளத்துக்கு ரபி, அதாவது யூத மதகுரு, கிடையாது. கோடையில் கூட்டம் வரும், பனிக்காலத்தில் கலைந்துவிடும். அப்படிப்பட்ட சபைகளைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கேள்வி: ரபி இல்லாமல் தொழுகை செல்லுமா, ஐயா?

செல்லும். எபிரேயத் தொழுகை நூலைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கத் தெரிந்த, வயது வந்த யாரும் முன்னின்று நடத்தலாம். பழமை வழுவாத ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஆண்கள் மட்டும். மதமாற்றம், விவாகரத்து, சட்டச் சிக்கல் இவற்றுக்கு மட்டும் தேர்ந்த ரபியிடம் போயே ஆகவேண்டும். ரபிகளைப் பயிற்றும் ஹீப்ரூ யூனியன் கல்லூரி போன்றவை மாணவ ரபிகளைச் சிற்றூர்களுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. ஆனால் மாதம் இரண்டு நாள் வரும் மாணவரை நம்பி மற்ற வாரங்களில் கதவைப் பூட்டி வைத்தால், உள்ளூரில் ஓதத் தெரிந்தவர்களே இல்லாமல் போய்விடுவார்கள்.

கேள்வி: எட்டுப் பேர், ஒன்பது பேர் வந்து நின்றுபோகிறது. என்ன செய்யலாம்?

கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய ஆள்கணக்கை மின்யான் என்பார்கள்; அது வயது வந்த பத்துப் பேர். ஆர்த்தடாக்ஸ் அல்லாத கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் பிரிவுச் சபைகளில் பெண்களும் கணக்கில் சேர்வார்கள். பத்து நிறையாவிட்டால், இறந்தவர் நினைவாகச் சொல்லும் கதிஷ் சொல்ல முடியாது, தொழுகைக்கு அழைக்கும் பர்ஹூ இல்லை, சுருளைத் திறந்து ஆசியுடன் தோரா என்னும் வேதத்தை வாசிக்கவும் முடியாது. பெற்றோரை இழந்தவர் 11 மாதம் கதிஷ் சொல்ல வருகிறார். ஒருவர் குறைந்ததால் சொல்லாமல் திரும்பினால் அவர் மனம் என்ன பாடுபடும்! ஆகவே சபையின் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் இதைக் கவனியுங்கள்.

வாரந்தோறும் நடத்துவதை விட்டுவிட்டு, முதல் சனியும் மூன்றாம் சனியும் என்று நாள் குறியுங்கள். பத்துப் பேர் வேண்டுமென்றால் 14 பேரிடம் பெயர் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். "எல்லோரும் வாருங்கள்" என்று பொதுவாகச் செய்தி அனுப்பினால், நாம் போகாவிட்டாலும் வேறு யாராவது போவார்கள் என்றுதான் ஒவ்வொருவரும் நினைப்பார்கள். வியாழன் மாலை தொலைபேசியில் பேசுங்கள்.

யார்சைட், அதாவது இறந்த நாளின் ஆண்டு நினைவு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் என்று வருகிறது எனப் பட்டியல் எடுங்கள். அது எபிரேயத் தேதிப்படி வரும். சூரியன் மறைந்தபின் இறந்தவருக்கு மறுநாள்தான் தேதி. அடிக்கடி தப்பு நடப்பது இங்கேதான். அந்த நாட்களை ஒட்டித் தொழுகை வைத்தால், அந்தக் குடும்பமே நாலைந்து பேரை அழைத்து வரும்.

பத்து சேராத நாளில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். தனித்தொழுகைப் பகுதிகளைச் சேர்ந்து சொல்லி, அந்த வாரத்துக்கான தோராப் பகுதியை அச்சுப் புத்தகத்திலிருந்து வாசியுங்கள். 1568ல் கட்டிய கொச்சி பரதேசி சினகாக்கில் உள்ளூர்க்காரர்கள் குறைந்தபின் வெளியூர்ப் பயணிகளைச் சேர்த்துத்தான் பத்து நிறைக்க வேண்டியிருந்தது. அந்த நிலை வரும்வரை காத்திராதீர்கள்.

கேள்வி: தலைவர் ஒருவரே எல்லாம் செய்து ஓய்ந்துபோனார். அடுத்து யாரும் வர மாட்டேன் என்கிறார்கள்.

அவர் செய்ததெல்லாம் ஒரே பதவியாகத் தெரிவதால்தான் பயப்படுகிறார்கள். அதைப் பிரித்துவிடுங்கள். தோரா வாசிப்பில் யாரை எப்போது அழைப்பது என்று பார்க்கும் கப்பாய் ஒருவர், கணக்குக்கு ஒருவர், கட்டடத்துக்கு ஒருவர், சமையலறைக்கு ஒருவர், கல்லறைக்கு ஒருவர். ஒவ்வொருவருக்கும் இரண்டே ஆண்டு. பக்கத்தில் நின்று பழகும் துணை ஒருவர் கட்டாயம். காசோலையில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும். கொதிகலன் பழுது பார்ப்பவர் யார், காப்பீடு எந்த மாதம் முடிகிறது என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருக்கவேண்டும். தலைவர் நினைவில் மட்டும் இருந்தால் அவரோடு போய்விடும்.

தோரா வாசிப்பு தனிக் கலை. சுருளில் உயிர்க்குறியும் இசைக்குறியும் இராது. சனிக்கிழமை வாசிப்புக்கு ஏழு பேரை ஒருவர்பின் ஒருவராக அழைப்பார்கள்; ஒவ்வோர் அழைப்பிலும் குறைந்தது மூன்று வசனம். புதிதாகக் கற்பவருக்கு மூன்றே வசனம் கொடுத்து ஆறு வாரம் அவகாசம் தாருங்கள். தோரா முழுவதையும் ஓராண்டில் முடிக்காமல் மூன்று ஆண்டில் முடிக்கும் முறையை உங்கள் சபை ஏற்குமானால் சுமை இன்னும் குறையும்.

கேள்வி: கோடைக்கு வருபவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்களே?

அவர்களை விருந்தாளியாகவே வைத்திருப்பதால்தான் அப்படி. நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் பெத்லகேம் மலையூருக்கு, மகரந்த ஒவ்வாமையால் மூச்சுத் திணறியவர்கள் நகரத்திலிருந்து கோடைதோறும் வந்து தங்குவார்கள். அப்படி யூதர்கள் வந்த அந்த ஊரில் 1920ல் சபை அமைந்தது. வந்து போகிறவர்களும் சபையின் தூண்தான்.

மே மாதமே எழுதிக் கேளுங்கள்: எந்த வாரங்கள் இருப்பீர்கள், தோரா வாசிப்பீர்களா, ஒரு சனிக்கிழமை பேசுவீர்களா? வந்து இறங்கியபின் கேட்டால் காலம் கடந்துவிடும். நன்கு வாசிப்பவரிடம் நம் ஊர்ப் பிள்ளைகள் இருவரை ஒப்படைத்து, ஆறு வாரத்தில் ஒரு பகுதியைக் கற்றுத்தரச் சொல்லுங்கள். அவர் ஊர் திரும்பிய பிறகும், பனிக்காலத்தில் வாசிக்க இருவர் இருப்பார்கள்.

நேரத்தைக் கவனியுங்கள். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு 8:30 ஆகும். குழந்தைகள் உள்ள கூட்டம் அதுவரை தாங்காது. பகல் நேரத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, அதில் ஒன்றேகால் பங்கு மறைவுக்கு முன்னால் சபாத்தை, அதாவது வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளை, ஏற்க இடமுண்டு. அந்நாட்களில் அது 7 மணிக்குச் சற்று முன். சபாத்தை முடித்துவைக்கும் ஹவ்தலா சடங்கு சனி இரவு 9:15க்கு மேல்தான்.

எபிரேய நாட்காட்டியில் தம்மூஸ் மாதம் 17 முதல் ஆவ் மாதம் 9 வரையான மூன்று வாரம், எருசலேம் கோயில் இடிந்த துக்க காலம். பெரும்பாலும் ஜூலை-ஆகஸ்டில் விழும். அதில் கச்சேரி, திருமணம் வைக்காதீர்கள். கடைசி ஒன்பது நாளில் சபாத் தவிர இறைச்சியும் ஒயினும் தவிர்ப்பது வழக்கம். நாட்காட்டி பார்க்காமல் ஞாயிறு இறைச்சி விருந்துக்கு முன்பணம் கட்டிவிட்டுத் தவிப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

கேள்வி: நான் ஒரு யூதக் குடும்பத்துக்கு மருமகளாகப் போன தமிழ்ப் பெண். 40 பேருக்கு மதிய உணவை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். சாம்பார் சாதம் செய்யலாமா?

புளிசாதமும் தயிர்சாதமும் செய்யுங்கள், அம்மா. சபாத்தில் சமைக்கக் கூடாது. ஆறிப்போன குழம்பு வகையைத் திரும்பச் சுடவைப்பதும் கூடாது. சாம்பார் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஆறினாலும் ருசி போகாததே நல்லது. இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஆகவே இறைச்சி அறவே வேண்டாம்; அப்போதுதான் பாலும் தயிரும் சிக்கலில்லை. கீரை, பூக்கோசு போட்டால் பூச்சி பார்த்தாக வேண்டும், அதுவும் அவர்கள் சட்டம். வீட்டுப் பாத்திரத்தில் சமைத்ததை ஏற்பார்களா, அல்லது வெள்ளி பகலில் சினகாக் சமையலறையிலேயே சமைக்க வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சபாத்துக்கான ஹல்லா ரொட்டி அரைக்கிலோவில் நான்கு; அதில் குறைந்தது இரண்டு முழுதாக இருக்கவேண்டும், ஆசி சொல்ல. யூத உணவுச் சட்டத்துக்கு ஏற்றது என்னும் கோஷர் முத்திரையுள்ள திராட்சைச்சாறு இரண்டு லிட்டர். வெந்நீர்க் கொதிகலனை வெள்ளி சூரியன் மறையுமுன் போட்டுவிடுங்கள்.

கேள்வி: அன்றைக்கே நன்கொடை கேட்கலாமா?

சபாத்தில் பணம் தொடவோ எழுதவோ கூடாது. தொகைகள் அச்சிட்ட அட்டையில், வேண்டிய தொகையின் ஓரத்தை மடித்துக் கொடுக்கும் முறை உண்டு. வசூல் வாரநாளில்.

கேள்வி: பனிக்காலத்தில் கட்டடத்தைப் பூட்டிவைக்கிறோம். சுருள்கள் உள்ளேயே இருக்கலாமா?

கூடாது. சூடில்லாத கட்டடத்தில் தண்ணீர்க் குழாய்களை முழுக்க வடித்து, கழிவுக் குழாய் வளைவுகளில் நச்சில்லாத உறைதடுப்புத் திரவம் ஊற்றவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் உறைந்து வெடித்து, பனி உருகும்போது தரையெல்லாம் வெள்ளமாகும். தோரா சுருள் தோலில் எழுதியது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், வறட்சியில் மை உதிரும். 304,805 எழுத்தில் ஒன்று உடைந்தாலும் தொழுகைக்கு ஆகாது. ஈரப்பதம் 50 சதவீத அளவில் இருக்கும் ஒரு வீட்டு அறையில், துணியுறையோடு வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். கிழிசலுக்கு ஒட்டுநாடா போடாதீர்கள். சுருள் எழுதும் சோஃபேரிடம் கொடுங்கள்.

கேள்வி: மூடவேண்டிய நிலை வந்தால்?

ஆள்பலம் இருக்கும்போதே கல்லறைக்குத் தனி நிதி ஒதுக்கி, புல்வெட்டுவதையும் வேலியையும் பார்க்கப் பக்கத்து ஊர்ச் சபையோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். சுருள்களை எந்தச் சபைக்கு, எந்த நிபந்தனையில் தருகிறீர்கள் என்றும் எழுதிவையுங்கள். நினைவுப் பலகையிலுள்ள பெயர்களையும் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர்களுக்கும் ஆண்டுதோறும் யாராவது கதிஷ் சொல்லவேண்டுமே.