ரிஃப்ரெஷ் செய்தால் 404: ஸ்பிரிங் பூட்டில் ரியாக்ட் பக்கங்கள்

கேள்வி: ரியாக்ட் பில்டை ஸ்பிரிங் பூட் 3 ப்ராஜெக்ட்டின் ஸ்டாட்டிக் ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். முகப்பிலிருந்து கிளிக் செய்து ஆர்டர் பக்கத்துக்குப் போனால் வருகிறது, அங்கேயே ரிஃப்ரெஷ் செய்தால் 404. பழைய ப்ராஜெக்ட்டில் ஓடிய கன்ட்ரோலர் மேப்பிங்கை அப்படியே போட்டால் ஆப்பே ஸ்டார்ட் ஆகவில்லை.

பதில்: கிளிக் செய்யும்போது ரியாக்ட் ரவுட்டர் பிரவுசருக்குள்ளேயே முகவரியை மாற்றிக்கொள்கிறது, அந்தப் பக்கம் வேண்டுமென்று சர்வரிடம் கேட்பதே இல்லை. ரிஃப்ரெஷில்தான் கேட்கிறது. அங்கே அந்தப் பெயரில் ஃபைலும் இல்லை, கன்ட்ரோலரும் இல்லை.

பழைய மேப்பிங்கில், எத்தனை அடுக்குப் பாதையையும் குறிக்கும் இரட்டை நட்சத்திரத்துக்குப் (**) பின்னால் 'புள்ளி இல்லாத பெயர்' என்று ஒரு ரெகெக்ஸ் இருந்திருக்குமே? முகவரியை மேப்பிங்கோடு பொருத்திப் பார்க்கும் பழைய மேட்சரான ஆன்ட்பாத்மேட்சர் அதை ஏற்கும். ஆனால் 2021-இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.6-லிருந்து டிஃபால்ட் பாத்பேட்டர்ன்பார்சர், உங்கள் பதிப்பில் அது இரட்டை நட்சத்திரத்தைக் கடைசியில் மட்டுமே விடும், நடுவில் வைத்தால் ஸ்டார்ட் ஆகும்போதே எக்ஸெப்ஷன். ஒரு ப்ராப்பர்ட்டி வரியில் பழைய மேட்சருக்குத் திரும்பலாம்தான், ஆனால் ஒரு பக்கத்துக்காக ஆப்பின் எல்லா மேப்பிங்கையும் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரவுட்டிங்கைத் தொடாமல், ஸ்டாட்டிக் ஃபைல்களை அனுப்பும் ரிசோர்ஸ் ஹேண்ட்லரில் தீர்த்துவிடுங்கள். வெப்எம்விசிகான்ஃபிகரரில் எல்லாப் பாதைக்கும் ஒரு ஹேண்ட்லர் சேர்த்து, பாத்ரிசோர்ஸ்ரிசால்வரின் கெட்ரிசோர்ஸ் மெத்தடை ஓவர்ரைட் செய்யுங்கள்: கேட்ட ஃபைல் இருந்தால் அதையே கொடு, இல்லாவிட்டால் இண்டெக்ஸ் ஃபைலைக் கொடு. கன்ட்ரோலர்கள்தான் முதலில் பார்க்கப்படும், எனவே உங்கள் ஏபிஐ-க்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் இரண்டு இடத்தில் இண்டெக்ஸ் ஃபைலுக்குப் பதிலாக null திருப்புங்கள். ஏபிஐ என்று தொடங்கும் பாதை ஒன்று. இல்லையென்றால் தப்பாக டைப் செய்த ஏபிஐ முகவரிக்கும் 200 என்ற வெற்றிக் குறியீட்டோடு ஹெச்டிஎம்எல் போகும், ஃப்ரன்ட்எண்ட்காரர் மண்டையைப் பிய்த்துக்கொள்வார். இன்னொன்று, கடைசித் துண்டில் புள்ளி உள்ளவை: புது டிப்ளாய்க்குப் பிறகு பழைய ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைக் கேட்கும் பிரவுசருக்கு ஹெச்டிஎம்எல் போனால் வெள்ளைத் திரைதான் மிச்சம். முகவரியில் மின்னஞ்சலை வைக்கிறீர்கள் என்றால் இந்தப் புள்ளி விதி அதையும் மறித்துவிடும், அப்போது புள்ளிக்குப் பதில் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

ஸ்பிரிங் செக்யூரிட்டி இருந்தால் இந்தப் பக்கப் பாதைகளுக்கு பெர்மிட்ஆல் (எல்லோருக்கும் அனுமதி) கொடுத்து, லாகின் கட்டாயத்தை ஏபிஐ-யில் மட்டும் போடுங்கள். இவ்வளவும் செய்தபின் முதல் நிலைப் பக்கம் வந்து, ஆர்டர் எண் சேர்ந்த உள்பக்கம் மட்டும் வெறுமையாக வந்தால் ஜாவாவைத் தோண்டாதீர்கள், பில்டில் ஸ்கிரிப்ட் பாதைகள் ரிலேட்டிவாக இருக்கின்றன, சாய்கோட்டில் தொடங்கும்படி மாற்றுங்கள்.