ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு) உள்ளவரின் ரத்த ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டால், பக்கவாதம் வருமா என்று தெரிந்துவிடுமா?

வரும், வராது என்று அடித்துச் சொல்ல முடியாது. இதயத்துக்குள் ரத்தம் எங்கே தேங்குகிறது என்பதைக் காட்டும். முனைவர் பட்டத்துக்காக மூன்று வருடமாக இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பை இருக்கிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்கினால் அதற்குள் போன ரத்தம் வெளியே வந்துவிடும். ஃபிப்ரிலேஷனில் மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும். பையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கு இடது மேலறையில் உருவாகும் ரத்தக்கட்டிகளில் சுமார் 90 சதவீதம் இந்தப் பைக்குள்தான் காணப்படுகின்றன.

சிடி ஸ்கேனிலிருந்து மேலறையின் வடிவத்தைப் பிரித்தெடுத்து, லட்சக்கணக்கான சின்னக் கட்டங்களாக்கி, திரவம் எப்படி ஓடும் என்று சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தீர்ப்போம். நுரையீரல் சிரைகள் வழியே ரத்தம் வரும், மைட்ரல் வால்வு வழியே இடது கீழறைக்குப் போகும். அதிக நேரம் பிடிப்பது வடிவத்தை எடுப்பதுதான். ஸ்கேனில் ரத்தம் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து பையின் நுனியில் சரியாகப் போய்ச் சேராமல் படம் மங்கலாக இருக்கும். ரத்தம் அங்கே எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதற்கு அந்த மங்கலே ஓர் அடையாளம்.

ஒருமுறை, ஏற்கனவே உள்ளே இருந்த ரத்தத்துக்கு மட்டும் சிவப்பு கொடுத்து ஓடவிட்டேன். சில துடிப்புகளில் மேலறை தெளிந்துவிட்டது. பையின் நுனியில் மட்டும் சிவப்பு அப்படியே நின்றது. அன்று வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை தேவையா என்பதை வயது, சர்க்கரை, பிபி, முன்பு பக்கவாதம் வந்ததா என்றெல்லாம் புள்ளி கூட்டித்தான் முடிவு செய்கிறார்கள். ஒரே புள்ளி வாங்கும் இருவருக்குப் பையின் வடிவம் முற்றிலும் வேறாக இருக்கலாம். கோழி இறக்கை போல மடங்கிய பைக்கு ஆபத்து குறைவு என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் சில அதை ஒத்துக்கொள்ளவில்லை. வடிவத்தோடு ஓட்டத்தையும் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

ஆனால் கணக்கில் மேலறையின் சுவர் அசைவதாக வைத்தால் ஒரு விடை, அசையாததாக வைத்தால் வேறு விடை. எந்தச் சிரையில் எவ்வளவு ரத்தம் வருகிறது என்பதையும் பல நேரம் அனுமானமாகத்தான் வைக்கிறோம். என் பெரியப்பாவுக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான். "நீ கணக்குப் போட்டுச் சொல்லு, மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்டார். கூடவே கூடாது பெரியப்பா, டாக்டர் சொன்னபடியே போடுங்கள் என்றேன்.