பினாங்கில் அம்மாவுக்கு வயிற்று எண்டோஸ்கோபி: ஸ்பிரே போதுமா, மிடாசோலாமா, புரோபோஃபோலா?

அம்மாவுக்கு 68 வயது, பலத்த குறட்டை, அன்றே பட்டர்வொர்த் திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மயக்க மருந்து மூச்சைப் பாதிக்கலாம் என்பதால், இந்த மூன்றில் குறட்டைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும்.

கேமரா உள்ளே போய் வர 5 முதல் 10 நிமிடம்தான். வலியைவிடக் குமட்டல்தான் தொல்லை.

தொண்டையை மரக்கவைக்கும் லிக்னோகேயின் 10% ஸ்பிரே ஓர் அழுத்தலுக்கு 10 மி.கி. கசக்கும், தொண்டை தடித்து, எச்சில் விழுங்க முடியாதது போல இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. குமட்டலை முழுக்க நிறுத்தாது, ஆனால் முடிந்ததும் எழுந்து நடக்கலாம். மரப்பு போக ஒரு மணி நேரம் விடுங்கள். அதற்குள் தண்ணீர் கொடுத்தால் புரையேறும்.

மிடாசோலாம் ஊசி பதற்றத்தைத் தணிக்கும், நடந்ததை மறக்கவைக்கும். இளையவர்களுக்கு 2 மி.கி.யில் தொடங்குவார்கள், அம்மா வயதுக்கு 0.5 முதல் 1 மி.கி., மொத்தம் 3.5 மி.கி.க்குள். தவறு பெரும்பாலும் அவசரத்தில் நடக்கிறது. வயதானவர்களுக்கு மருந்து மெதுவாகத்தான் ஏறும். 2 நிமிடம் பொறுக்காமல் 'இன்னும் தூங்கவில்லையே' என்று அடுத்த ஊசியைப் போட்டால் இரண்டும் சேர்ந்து மூச்சை அமுக்கும். ஃபென்டனைல் என்ற வலி மருந்தும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். மிடாசோலாமை முறிக்கும் மருந்தாக ஃபுளூமசெனில் இருக்கிறது, ஆனால் அதன் வேலை மிடாசோலாமுக்கு முன்பே முடிந்துவிடும். விழித்தவர் மறுபடி சொக்கிவிழலாம். அதைக் கொடுத்தால் உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

புரோபோஃபோல் தூங்கவைக்கும் ஊசி மருந்து, பால் போல வெள்ளையாக இருக்கும். ஏறும்போது கை நரம்பு சுரீரென்று எரியும். அரை நிமிடத்தில் தூக்கம், நிறுத்திய சில நிமிடங்களில் தெளிவான விழிப்பு. நோயாளிக்கு இதுதான் சுகம். ஆனால் தூக்கத்துக்கும் மூச்சு நிற்பதற்கும் இடைவெளி குறைவு, ரத்த அழுத்தமும் இறங்கும், முறிக்கும் மருந்து கிடையாது. மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு நின்றாலும், ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவி சற்றுத் தாமதமாகத்தான் காட்டும். ஆகவே கேமராவைப் பிடிப்பவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்வார் என்றால் வேண்டாம் என்பேன். மயக்க மருத்துவர் ஒருவர் தனியாகத் தலைமாட்டில் நிற்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால், டாக்டர் சம்மதித்தால், ஸ்பிரேயும் 1 மி.கி. மிடாசோலாமும் போதும்.

உணவு 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு. தே தாரேயும் (இழுத்து ஆற்றிய தேநீர்) மைலோவும் பால் சேர்ந்தவை, உணவுக் கணக்குதான். விரல் கருவி சரியாகக் காட்ட நகப்பூச்சை அழித்துவிடுங்கள்.

ஊசி போட்டால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, கையெழுத்தும் போடக் கூடாது. டாக்டர் முடிவைச் சொல்லும்போது அம்மா தலையாட்டுவார், நன்றாகப் பதிலும் சொல்வார்; பட்டர்வொர்த் போகும் பாலம் தாண்டுவதற்குள் ஒன்றும் நினைவிருக்காது. பக்கத்தில் நின்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.